ஊதா மூடி

காலை ஆறரைக்கே முந்நூறு பேர்.
பாதிப்பேர் வங்காளத்தில் ரயிலேறி
காட்பாடியில் இறங்கியவர்கள்.
அவர்களுக்கு அவரைத் தெரியாது.
அதனால்தானோ என்னவோ
அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்திருந்தார்.

நானூற்றுப் பதினேழு என்றேன்.
தொப்பி, முகக்கவசம், ரப்பர் செருப்பு.
ஸ்டிக்கரில் ஏகாம்பரம், ஐம்பத்தெட்டு, ஆண்.
சுவரொட்டிகளில் வேறு பெயர்.
பேர் சொல்லுங்க. விதி அது, எல்லோரையும் கேட்பேன்.
"ஏகாம்பரம்."
அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிட்டது
இருபது வருடமாய் என் குக்கர் விசிலோடு
போட்டி போடுகிற தொண்டை.

பட்டையை இறுக்கினேன்.
நரம்பு நழுவியது.
பயந்த நரம்பு நழுவும், யாருடையதானாலும்.
இரண்டாம் குத்தில் கிடைத்தது.

அப்போதுதான் அந்தப் பையன்,
திரையை விலக்கி, போனைத் தூக்கிப் பிடித்து:
"சார், ஒண்ணே ஒண்ணு சார்,
எங்கம்மாவுக்கு உங்க பாட்டுன்னா உசுரு."
ஊசி உள்ளே இருக்கிறது.
இவரோ முகக்கவசத்துக்குள்
சிரிக்கத் தொடங்கிவிட்டார்.
கண்ணோரம் சுருங்கியதில் தெரிந்தது.
பழக்கதோஷம்.

வெளிய போ தம்பி, என்று கத்தினேன்.
"காசு குடுத்துத்தானே கேக்கறோம்" என்று
முனகிக்கொண்டே போனான்.
பாட்டுக்குத்தான் கொடுத்தாய், இந்தக் கைக்கு இல்லை
என்று சொல்லியிருக்கலாம்.
மத்தியானம் சாப்பிடும்போதுதான் தோன்றியது.

ஊதா மூடிக் குழாய் நிரம்பும் நேரம்
என் பையில் போன் பாடியது.
அவர் குரலில்.
கை வேலையாக இருந்தது, அணைக்க முடியவில்லை.
சரணம் வரை கேட்டார்.
"சளியோட பாடினதும்மா அது. மேல சரியாப் போகல."

பஞ்சை அழுத்திப் பிடிங்க, அஞ்சு நிமிஷம்.
நான் பேசியது அவ்வளவுதான்.
அன்று முழுக்க அதில் ஒரு பெருமை எனக்கு.
கூட வேலைபார்க்கும் மரகதத்திடம்கூட
மூச்சு விடவில்லை.

சாயங்காலம், ஷிப்ட் முடிந்து,
கம்ப்யூட்டரில் என் எண், என் கடவுச்சொல்.
யாரும் கேட்கவில்லை. எந்த அவசியமும் இல்லை.
நானூற்றுப் பதினேழு.
பத்து நொடி இருக்கும்.
படித்தேன். மூடினேன்.

டாக்டர் வியாழக்கிழமை அவரிடம் சொல்வார்.
எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.

அந்தப் பையனாவது கேட்டான்.

காட்பாடி பஸ்ஸில் அதே பாட்டு.
மேலே போய் மூச்சைப் பிடித்து நிற்பாரே
அந்த இடத்தில் முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன்.
இன்று அங்கே ஓர் எண் நின்றது,
புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு.
யாரோ டிரைவரிடம்
சத்தம் கூட்டச் சொன்னார்கள்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பாலம் வந்திருந்தது.
பாலாற்றில் மணலையும் அள்ளிவிட்டிருந்தார்கள்.