மதியம் இரண்டு மணி

வாங்கும்போது நீலம்.
எங்கள் மண்ணில் சுண்ணாம்பு அதிகம்,
மறு கோடையிலேயே இளஞ்சிவப்பாகிவிட்டது
என் ஹைட்ரேஞ்சியா.
அதற்கே நான் கோபித்துக்கொள்ளவில்லை.

செகெத் நகரத்து ஜூலையில்
திஸா ஆறே கரையோரம் ஒதுங்கி நிழல் தேடும்.
மிளகாய்த்தூள் ஆலையில் காலை ஷிப்ட் முடித்து
இமையில் சிவப்புத் தூளோடு
மூன்று மணிக்கு டிராமை விட்டு இறங்குவேன்.
வேலியோரம் அது தொங்கிக்கொண்டிருக்கும்,
பிழியாமல் காயப்போட்ட துணி மாதிரி,
பூவெல்லாம் மண்ணைப் பார்த்தபடி.

நான் பதறமாட்டேன்.
இலைக்கு அடியில் ஆயிரம் வாய்.
வெயிலில் அத்தனையும் திறந்து செடிக்கு வேர்க்கிறது.
வேர் கொண்டுவருவது ஒரு குவளை,
வேர்வையாய்ப் போவது ஒன்றரை.
மண் ஈரமாகவே இருந்தாலும்
மதியத்தில் கணக்கு இடிக்கும்.
இருபத்தெட்டாம் தேதி என் பர்ஸும் அப்படித்தான்,
அதற்காக யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

அகன்ற இலை மடங்கி
வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டும்.
கடன்காரன் எதிரே வரும் தெருவில்
நானும் அப்படி நடந்திருக்கிறேன்.

ஏழு மணிக்குமேல் நிமிரும்.
ஒன்பதுக்கு ஒரு வாளி தண்ணீர்.
விடிகாலை ஐந்தரைக்கு நான் கதவைப் பூட்டும்போது
அது விறைப்பாக நிற்கும்,
நேற்று எதுவும் நடக்காதது போல.

ஜூலை பதினான்கு.
ஐந்தரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

மாலை வாட்டம் களைப்பு.
காலை வாட்டத்துக்கு வேறு பெயர்.

விரலை மண்ணுக்குள் விட்டேன்.
கறுத்த சகதி.
முகர்ந்தால் முட்டைக்கோஸ் ஊறிப்போன பீப்பாயின் வாடை.
ஒரு வேரை இழுத்தேன்:
தோல் கையோடு வந்தது, நரம்பு மண்ணிலேயே தங்கியது.
மூச்சுவிட இடமில்லாமல் வேர் அழுகி,
தண்ணீருக்குள் நின்றபடி
தாகத்தால் செத்துக்கொண்டிருந்தது.

யாரோ ஊற்றுகிறார்கள்.

வியாழக்கிழமை அரைவை இயந்திரம் நின்றுபோய்
சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள்.
சரியாக இரண்டு மணி.
வேலி இடுக்கில் பச்சைக் குழாயின் மூக்கு.
அந்தப் பக்கம்,
பழைய டிராம் தொப்பியோடு
கெலெமென் போடோக்.

முப்பத்தொரு வருஷம் ஒன்றாம் நம்பர் டிராம் ஓட்டியவர்.
நிறுத்தத்தில் ஒரு ஆள் நின்றாலும்
நிற்காமல் போகத் தெரியாதவர்.
"எதெல்கா, இரண்டு மணிக்கு இது என்னைக் கூப்பிடுகிறது" என்றார்.
"நீ வேலைக்குப் போய்விடுகிறாய்.
யாராவது கேட்க வேண்டாமா?"

வாய்வரை வந்த வசவு ஒன்று இருந்தது.
அதை விழுங்கிவிட்டு
"நாளைக் காலை ஐந்துக்கு வாருங்கள்" என்றேன்.

வந்தார், செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு.
வெயில் இன்னும் கூரையைத் தொடவில்லை,
காற்றில் குளிர்ச்சி,
பூக்கள் அத்தனையும் தலைகீழ்.
அவரும் விரலை மண்ணுக்குள் விட்டார்.
முகர்ந்தார்.
வெகுநேரம் எடுத்துக்கொண்டார்,
ஒரு விரலைக் கைக்குட்டையில் துடைக்க.

தோண்டி எடுத்தோம்.
அழுகியதை வெட்டினேன், அவர் வாளியைப் பிடித்தார்.
மிஞ்சியது மூன்று குச்சி.
வறண்ட மணலும் மண்ணும் கலந்த தொட்டியில்
படிக்கட்டின் நிழலில் வைத்திருக்கிறேன்.
துளிர்க்குமா, தெரியவில்லை.
ஒன்றின் கணுவில் பச்சையாக ஏதோ இருக்கிறது,
பாசியாகவும் இருக்கலாம்.

இன்று முப்பத்தெட்டு டிகிரி.
போடோக் வீட்டு டேலியாக்கள்
வரிசையாகக் கழுத்தை ஒடித்துக்கொண்டிருக்கின்றன.
குழாய் சுருட்டி ஆணியில் தொங்குகிறது.
எதிரே நாற்காலி போட்டு,
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியபடி
உட்கார்ந்திருக்கிறார்.

என் காலடி கேட்டதும்
திரும்பாமலே கேட்கிறார்:
"மணி என்ன?"

மூன்று பத்து.

சாவியைத் தேடி எடுத்து, கதவைத் திறந்து
பையை உள்ளே வைப்பதற்குள்
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடியும்:
"இப்போது?"