பச்சை வயர்

மாரிக்கு முதல் மாத்தவேணும்.
மெயினை அணைத்து
கதிரைக்கு மேல் கதிரை வைத்து ஏறினேன்.
கீழே கோபிகா ரோச் பிடித்தாள்,
ஒரு கண் போனில்.

மூன்று திருகாணி கழன்றது.
நாலாவது வரவில்லை,
உடைத்தேன்.
உள்ளே குளவி மண், பல்லி முட்டைக் கோது,
தொட்டால் உதிரும் வயர்த் தோல்.

சிவப்பு இருந்தது, கறுப்பு இருந்தது.
பச்சை
ஒரு சாணில் வெட்டுப்பட்டு
எதிலும் சேராமல்
மடிந்து கிடந்தது.

வீட்டுத்திட்டக் கணக்கில்
ஏர்த்துக்கும் காசு எழுதியிருந்தது.
கையொப்பம் என்னுடையது.

பதினொரு மாரி
இந்த மூடியை
ஈரத்துணியால் துடைத்திருக்கிறேன்.

"அம்மா, போடட்டோ?"

பொறு பிள்ளை.
நாளைக்கு ஒட்டுசுட்டானில்
செப்புக் கம்பி வாங்கி
முற்றத்தில் இறக்கவேணும், ஆழமாய்.
இண்டைக்கு இருட்டாய்க் கிடக்கட்டும்.
யானை வந்தால்
தகரம் தட்டுவம்.