முன்னூற்றுப் பத்துக் கிராம்

கிணறு இறைக்க மோட்டர் கேட்டேன்.
வந்தது,
சுவிட்ச் அமத்தினால் சுத்துகிற
சின்னக் கைவிசிறி.

கடைக்காரன்ர நம்பர் அணைஞ்சு போச்சு.
அவன்ர படத்திலிருந்த ரோசாப்பூ மட்டும்
இன்னும் ரெண்டு நாள் பூத்திருந்தது.

புதுக்குடியிருப்பு வங்கியில்
நிரோஜினி படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.
என்ன பொருள்? எந்தத் திகதி?
கடைசியாக எப்போது தொடர்பு கிடைத்தது?
மூன்றாவதில் பேனை நின்றது.
இந்தக் கேள்விக்கு இதே கையால்
வேறு கந்தோர்களில் எழுதியிருக்கிறேன்,
பொருளைப் பற்றியல்ல.

"ஆதாரம் ஏதும் இருக்கோ அக்கா?"

பெட்டியைத் தூக்கி வைத்தேன்.
உள்ளே நாலு கச்சான் கோது, கொஞ்சம் மண்.
வெளியே கூரியர்காரன் ஒட்டின துண்டு:
எடை முன்னூற்றுப் பத்துக் கிராம்.
"எந்த மோட்டர் பிள்ளை
ஒரு பிடி கச்சான் பாரம்?"
சிரித்தபடி படமெடுத்தாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் மெசேஜ்.
பதினெட்டாயிரத்துத் தொளாயிரம்,
ஒரு சதம் குறையாமல்.
கிணற்றுக்கட்டில் வாளியை வைத்துவிட்டு
'திரும்பி வந்தது' என்ற இடத்தை மட்டும்
மூன்று தரம் வாசித்தேன்.

விசிறியை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.
ஈர விறகுக்கு
அதுதான் இப்ப ஊதுது.