எழுபத்திரண்டு மணி நேரப் பலகை

அயோவாவில் அக்டோபர்.
புல்லின் மேல் யாரோ உப்பைக் கொட்டியது போல் உறைபனி.
கல்லூரி நூலகத்துக்கு எதிரே
சிமெண்டு மூட்டைகள் அழுத்திப் பிடித்திருக்கும்
ஒரு சீசாப் பலகை
வியாழன் மாலை ஐந்து மணியிலிருந்து
நிற்கவே இல்லை.

தீக்காய வார்டுக்குக் கட்டில் வாங்க
எழுபத்திரண்டு மணி நேரம்
யாராவது இருவர் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதாக
ஊருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்
கதவில் மூன்று கிரேக்க எழுத்து மாட்டிய வீட்டின் பையன்கள்.

சனிக்கிழமை, விடியப் போகும் மூன்று மணி.
இந்த முறைக்கு யாரும் கை தூக்குவதில்லை.
ஒரு முனையில் தலைவன் லோவெல் பிராண்ட்வோல்ட்.
மறுமுனையில் பொருளாளன் எம்மெட் வான்ட்ராசெக்.
பட்டியல் போட்டவன் எம்மெட்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லோரும் சகோதரன்.
அவர்கள் சொல்லுக்குள்
அண்ணன் இல்லை, தம்பி இல்லை.
நம் மொழியாக இருந்தால் உடனே கேட்டுவிடும்,
யார் மூத்தவன் என்று.
அங்கே இந்தப் பலகைதான் கேட்கிறது.
ஒரு நொடி இவன் அண்ணன்,
மறு நொடி அவன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றான் எம்மெட்
மேலே போகையில்.
"கேளு" என்றான் லோவெல்
மேலே வருகையில்.

"போன வருஷ அட்டைச் செக்."
கீச்.
"கதவு சைசுல இருந்ததே, அதுவா?"
கீச்.
"அதுல ஆறாயிரத்து இருநூறு டாலர்."
கீச்.
"ஆஸ்பத்திரி ரசீதுல நாலாயிரத்து முந்நூறு."

லோவெலின் காலணி தரையைத் தொட்டது.
ஒரு கணம் அங்கேயே தங்கியது.
இறங்கிப் போய்விடலாம்.
ஆனால் இவன் இறங்கினால் அவன் விழுவான்.
போன வருஷம் ஒரு புதுப் பையனுக்கு
வால் எலும்பு உடைந்தது அப்படித்தான்.
உந்தினான்.

அப்போது ரொட்டித் தொழிற்சாலை இரவு வேலை முடிந்து
ஒருத்தி வந்தாள், தலைவலை கழற்றாமல்.
சிவப்பு வாளியில் ஒரு கைப்பிடிச் சில்லறை போட்டாள்.
போட்ட கை
உருகி மறுபடி உறைந்த மெழுகு போல் மினுங்கியது.
பையன்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.
"நிறுத்திடாதீங்க" என்றாள், போய்விட்டாள்.

வெகுநேரம் கீச் மட்டும்.

"மார்ச்சுல கூரை ஒழுகிச்சே" என்றான் லோவெல்.
"யார் கட்டிலுக்கு மேல?"

எம்மெட் மேலே இருந்தான்.
வாளி தெரிந்தது அங்கிருந்து.
அதே சிவப்பு வாளி.
அவன் தலைமாட்டில் பதினோரு இரவு
சொட்டுச் சொட்டாய் நிரம்பிய வாளி.
பன்னிரண்டாம் இரவு காய்ந்த தலையணை.
யார் காசு என்று
அன்றைக்கு அவன் கேட்கவில்லை.
தூங்கிவிட்டான்.

"செப்டம்பர்ல திருப்பி வைக்கலாம்னு இருந்தேன்."
"வைக்கல."
"வைக்கல."

ஆறு மணிக்கு
போர்வை சுற்றிய இரண்டு முதலாண்டுப் பையன்கள்
பலகை நிற்காமல் மாறிக்கொண்டார்கள்.
கரும்பலகையில் மொத்தம் 3,115.
எம்மெட் அதன் கீழே கோடு போட்டு எழுதினான்:
போன வருஷ பாக்கி 1,900.
நூலகம் திறக்கும்போது
ஊரே படிக்கும் எழுத்து.

லோவெல் அவன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினான்.
அழிக்கப்போகிறான் என்று நினைத்தான் எம்மெட்.
அவன் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
தன் பெயரை எழுதினான், கொஞ்சம் சாய்வாக.
பிறகு சாக்பீஸை நீட்டினான்.

எம்மெட் வாங்கி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.
மேலே கூரையில் புதுசாய்
ஒரு வெள்ளைச் சதுரம்.
கண்ணை மூடினால்
கட்டில் ஏறியது.
இறங்கியது.
சட்டைப் பை முழுக்க மாவாய் வெளுத்திருந்தது.