இரண்டு நிமிடம்

பாலமுனி விழுந்தான்.
தட்டோன் பகோடாத் திருவிழா மணலில்
முதுகு பட விழுந்தான்.
குழல்காரன் ஒரு மூச்சு பிசகி
மறுபடி ஊதினான்.

லெத்வேயில் ஒரு சட்டம் உண்டு.
விழுந்தவனுக்கு இரண்டு நிமிடம்,
ஆட்டத்துக்கு ஒரே தடவை.
தண்ணீர் ஊற்றலாம், காதைத் திருகலாம்,
மூக்கில் தைலம் தேய்க்கலாம்.
எழுந்துவிட்டால் மறுபடி சண்டை.
வேறெங்கும் எனக்கு
இப்படியொரு சட்டம் அகப்படவில்லை.

பெண் களத்தை மிதிக்கக் கூடாது.
கயிற்றுக்கு வெளியே நிற்கிறேன்.
வாளியைப் பிடித்தபடி கோ மியோ
என்னைப் பார்க்கிறார்:
கேட்கட்டுமா, விட்டுவிடட்டுமா?
தலையசைத்தேன் என்று
பிற்பாடு சொன்னார்கள்.

காலையில் அவன் கைக்குத் துணி சுற்றியது நான்தான்.
இங்கே உறை கிடையாது,
வெறும் காஸ் துணி, மேலே நாடா.
கையை என்னிடம் விட்டுவிட்டு
எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்,
நகம் வெட்டும்போது பார்ப்பானே சின்னதில்,
அப்படி.

மோல்மீன் கிட்டங்கியில் என் வேலை குத்தூசி.
மூட்டை வயிற்றில் ஒரு குத்து,
குழல் வழியே உள்ளங்கைக்கு உளுந்து.
சொத்தை எவ்வளவு என்பார் முதலாளி.
குத்துமதிப்பாகச் சொல்வேன்.
பத்து வருஷமாய்க் குத்துகிறேன்,
எந்த மூட்டையும் எழுந்து
என்னைத் திருப்பி அடித்ததில்லை.

முப்பது விநாடி என்கிறான் நடுவன்.

போன பங்குனியில் இதே கன்னத்தில்
வேல் குத்தினார்கள்.
ஒரு சொட்டு வரவில்லை.
இன்று பாஆன் பையன் முழங்கை பட்டதும்
பழுத்த கொய்யாவாய்த் திறந்துகொண்டது.
தோலுக்குத் தெரிகிறது
முருகன் யார், முழங்கை யார் என்று.

அந்தப் பையன் எதிர் மூலையில்
கால் மாற்றி மாற்றி நிற்கிறான்.
கண்ணை எடுக்காமல் இவனையே பார்க்கிறான்.
அவன் உதடு அசைகிறது.
எழுந்திரு என்கிறானோ,
எழாதே என்கிறானோ,
எனக்குக் கரேன் தெரியாது.

அப்பாவின் அட்டையை மாற்றப் போன அன்று
மூவரும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம்.
குமாஸ்தா பெயர் கேட்டான், தாத்தா பெயர் கேட்டான்,
தாத்தாவின் அப்பா எந்தக் கப்பலில் என்றான்.
பிறகு முத்திரையைத் தூக்கி
ஒரு குத்து.
மேசை அதிர்ந்தது.
அப்பாவின் தோள் பின்னால் போனது.
சைக்கிளில் திரும்பும்போது
ஒன்பது வயசு பாலமுனி கேட்டான்:
"நீ ஏன்பா திருப்பிக் குத்தல?"
அப்பா மிதித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நிமிடம்.

குத்துவதில் வீட்டில் நான்தான் கெட்டிக்காரி.
போன வாரம் சோற்றுத் தட்டை அவன் முன் வைத்துக்கொண்டே,
"உன் வயசுதான் தங்கமாரிக்கும்,
பாங்காக்கிலிருந்து மாசாமாசம் அனுப்புறான்,
நீ அடி வாங்கிட்டு வர்றே" என்றேன்.
ரசத்தைப் பிசைந்தான்.
பிசைந்துகொண்டே இருந்தான்.
அதற்கெல்லாம்
வாளியோடு யாரும் ஓடி வருவதில்லை.

எழுந்தான்.
முதலில் ஒரு முட்டி,
பிறகு முகத்திலிருந்த தண்ணீரைத் துடைத்து
நடுவனிடம் தமிழில் என்னமோ சொன்னான்.
பர்மாக்காரன் விழித்தான்,
விரலை எண்ணச் சொன்னான்,
சரியாய் எண்ணினான்.

கடைசி மணி வரை இருவரும் நின்றார்கள்.
இங்கே புள்ளிக் கணக்கு இல்லை.
நின்றால் சமம்.
இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான் நடுவன்.
கூட்டம் கருப்பஞ்சாறு வாங்கப் போய்விட்டது.

லைன் காரில் பின்பக்கம் உட்கார்ந்து
கத்தரியால் துணியை வெட்டினேன்.
விரல்கள் விரிய மறுத்தன.
ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.
"ரெண்டு நிமிஷம் யாருக்கா கேட்டது, நீயா?"
ஆமாம் என்றால்
சாகும்வரை குத்திக்காட்டுவான்.
"கோ மியோதான்" என்றேன்.

சிரித்தான். தையல் இழுத்திருக்க வேண்டும்,
பாதியில் நிறுத்திக்கொண்டான்.
பாலம் வரும்வரை
அவன் கை என் மடியில் கிடந்தது,
வீங்கி, சூடாக,
எவருடையதோ போல.