இருபத்திரண்டு விநாடி

செம்பூரில் எங்கள் குளியலறை
இரவு பதினொன்றரைக்கு மேல் என்னுடையது.
வாளிகள் வெளியே.
கமோடின் மேல் பலகை, பலகை மேல் என்லார்ஜர்.
கதவிடுக்கில் ஈரச் சாக்கு.
சாமி அலமாரியிலிருந்து
சிவப்பு ஜீரோ வாட் பல்பு
இடமாற்றலாகி இங்கே வந்திருக்கிறது.

முதல் வாரம் அதை நான் நம்பவில்லை.
தாளின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து
அந்த வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் விட்டேன்.
கழுவியபோது தாள் முழுக்க மூட்டம்,
நடுவில் மட்டும் காசளவு வெள்ளை.
சாமிக்குப் போதுமான சிவப்பு
தாளுக்குப் போதவில்லை.
ரவிக்கைத் துணியை இரண்டு மடிப்புச் சுற்றிய பிறகு
காசு தடம் விடுவதை நிறுத்தியது.

பகலில் பெயின்ட் கடை.
ஆயிரத்து எண்ணூறு நிறம்,
பிஸ்தாக் கனவு, மழைக்கால மயில் என்று
யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு வைத்த பெயர்கள்.
எண்ணைத் தட்டினால் டப்பா குலுங்கி நிற்கும்.
"நிறம் வித்துச் சாப்பிடுறவளுக்கு
கருப்பு வெள்ளை எதுக்குடி?"
குளியலறைக்கு வெளியே கால் மாற்றி நின்றபடி
சுடலைமணி கேட்கிறான்.
இன்னும் நாலு நிமிஷம், என்கிறேன்.
உரக்க எண்ண ஆரம்பிக்கிறான்.

மூன்றாவது சுருளில்
ஷுபாங்கியின் கூடையில் பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும்
ஒரே சாம்பல்.
அன்றைக்கு ஃபிக்சர் நாற்றத்தோடு படுத்துக்கொண்டு
விடிய விடிய யோசித்தேன்.
ஃபிலிமுக்குக் காரம் தெரியாது.
எது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது,
அந்தக் கணக்கு ஒன்றுதான்.

அப்புறம் ரயில்.
பன்வேல் வண்டி போனால்
பலகை நடுங்கும், படம் கலங்கும்.
இருபத்திரண்டு விநாடி வெளிச்சம் காட்ட
இரண்டு வண்டிகளுக்கு நடுவே காத்திருக்கப் பழகினேன்.
தண்டவாளம் முனகுவது
இப்போதெல்லாம் உள்ளங்காலில் முதலில் கேட்கிறது.

சென்ற மாதம் மெஹ்ருன்னிசா ஷேக் கடைக்கு வந்தார்.
உள்ளங்கையில் சுவரின் ஒரு சில்லு,
வெளுத்த பச்சை.
"இதே நிறம் வேண்டும். புதன்கிழமை ஆட்கள் வருகிறார்கள்."
மிஷின் திணறியது. நேரில் பார்க்கப் போனேன்.
ஜன்னலோரம், நாற்காலிக்கு மேலே,
தலை சாய்ந்து சாய்ந்து ஏறிய எண்ணெய்க் கறை.
பக்கத்தில் அவர் கணவரின் படம், மாலையில்லாமல்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.

வெறும் லென்ஸில் கறை சுவரோடு கரைந்துவிடும்.
மஞ்சளைக் கருப்பாக்க நீலம் வேண்டும்,
அது கடை தந்த பாடம்.
பரிசுப் பொட்டலத்தில் வந்த நீலக் கண்ணாடித் தாளை
விரலால் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

டெவலப்பரில் முதலில் ஜன்னல் கம்பி வந்தது.
பிறகு நாற்காலியின் முதுகு.
பிறகு, எதிர்பார்த்ததைவிடக் கருமையாக,
அந்தத் தலை.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்,
துக்கத்துக்கு ஏற்ற முகத்தோடு.
அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.
சிரிக்க ஆரம்பித்தார்.
"அவரா? அவர் என்றைக்கு வீட்டில் உட்கார்ந்தார்?
இது நான்.
பதினெட்டு வருஷத் தேங்காய் எண்ணெய்."
பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு,
"இன்னொன்று போட்டுக் கொடு.
குர்லாவில் என் தங்கை நம்பமாட்டாள்."

அந்த இன்னொன்றை நேற்றிரவு போட்டேன்.
பதினான்கு எண்ணும்போது
நேரம் தவறிய வண்டியொன்று வந்துவிட்டது.
பலகை நடுங்கியது, கை எடுக்கவில்லை.
ஜன்னல் கம்பிகள் இரட்டையாகிவிட்டன.
கறை மட்டும் கொஞ்சம் இடம்பெயர்ந்து,
உட்கார்ந்திருந்தவள்
அடுப்பில் ஏதோ ஞாபகம் வந்து
சட்டென்று எழுந்ததுபோல.

குர்லாவுக்கு வேறொன்று போட வேண்டும்.
இது கொடியில் காய்கிறது,
சுடலைமணியின் பனியனுக்குப் பக்கத்தில்.