நடுக்கோடு

மாநகராட்சி வரி நோட்டீஸைத் திருப்பிப் போட்டு
ஸ்கேல் வைத்து நடுவில் கோடிழுத்தான் கருமாணிக்கம்.
இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரன்.
எதையும் இரண்டு பத்தியில்தான் யோசிப்பான்.
வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்:
அம்பத்தூர் கிளையா, காரைக்குடியேவா.

இடப்பக்கத்து முதல் வரி நான் சொன்னது:
எங்கே போனாலும் பதினைந்து நிமிடம்.
கழனிவாசலில் குக்கரை இறக்கிவைத்துவிட்டு
புது பஸ் ஸ்டாண்டில் தங்கையை வண்டியேற்றித் திரும்பினால்
சோறு இன்னும் ஆவி விடும்.

வலப்பக்கம் அவன் எழுதினான், பேசாமல்:
மதுரை, ஒன்றரை மணி நேரம்.

நான் எதுவும் கேட்கவில்லை.
போன ஐப்பசியில் அவன் அப்பாவோடு போன ஆம்புலன்ஸ்
மேலூரில் சைரனை நிறுத்தியது.
டிரைவர் திரும்பிப் பார்க்காமல்
டீ குடிக்கிறீங்களா சார் என்றாராம்.

பிறகு வேகம் பிடித்தது.
வாடகை எட்டாயிரம், இடம்.
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், வலம்.
பல்லவனில் ஏறினால் மத்தியானம் சென்னை, இடம்.
ஏறுவதற்கு நாலு மணிக்கே எழ வேண்டும், வலம்.
நகராட்சி மாநகராட்சி ஆனது
என்று ஆரம்பித்தவன்
தாளைத் திருப்பி வரித்தொகையைப் பார்த்தான்,
மறுபடி திருப்பினான், எழுதவில்லை.
வெயில்?
அம்பத்தூரில் மட்டும் நிலாவா காயுது என்றேன்.
அடித்துவிட்டான்.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு
செக்காலை ரோட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன்.
அதை எழுதத் தயங்கி என் முகத்தைப் பார்த்தான்.
பேனாவை வாங்கி நானே எழுதினேன்,
வலப்பக்கம், பொடி எழுத்தில்.

அடுத்ததில்தான் சிக்கிக்கொண்டோம்.
இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

அந்தச் சின்ன அட்டைப்பெட்டியை
இன்னாசி மெடிக்கலில் வாங்கக் கூசி
தேவகோட்டைக்கு பஸ் ஏறினேன் ஒருநாள்.
யாரென்றே தெரியாத கடை, யாரென்றே தெரியாத ஆள்.
சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டார்:
நம்ம இன்னாசி கடைக்குப் பக்கத்து வீடுதானே நீங்க?
நான் அவரு மச்சினன்.
ஊர் திரும்பி இறங்கியபோது
இன்னாசி என்னைக் கண்டு
கல்யாண வீட்டில் வரவேற்கிறவர் மாதிரி சிரித்தார்.
அந்தப் பட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது.
அதை யாருக்கும் சொல்லவில்லை,
ஆனாலும் மறுநாளிலிருந்து அவர் சிரிப்பு
அளவாகிவிட்டது.

இதே இன்னாசிதான்
எனக்கு டெங்கு வந்த ராத்திரி ரெண்டு மணிக்கு
லுங்கியோடு வந்து ஷட்டரைத் தூக்கினார்.
பணத்தை எடுத்த கையைத் தள்ளி
முதல்ல ஓடுங்க தம்பி என்றார்.

எந்தப் பக்கம் என்றான் கருமாணிக்கம்.
எனக்கும் தெரியவில்லை.
கோட்டின் மேலேயே எழுதினான்.
பாதி எழுத்து இந்தப் பக்கம்,
பாதி அந்தப் பக்கம்.

அழைப்பு மணி.
கீழ்வீட்டு சிக்கந்தர்,
பின்னால் டேப்போடு ஓர் இளைஞன்.
தப்பா நினைக்காதீங்க,
நீங்க சென்னை போறதா ஜவுளிக்கடையில பேச்சு.
இவன் என் மச்சான். கட்டில் நுழையுமான்னு
கதவை மட்டும் அளந்துக்கிறோம்.
சொல்லி முடிக்குமுன் போன்.
பெங்களூரிலிருந்து வீட்டுக்கார உமையாள்:
காலி பண்றதுக்கு முன்னாடி
சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்துருங்க.

ஜவுளிக்கடையில் நான் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன்.
அதுவும் போகலாமா என்றுதான்.

நாங்க எங்கயும் போகலை
என்று சத்தமாகச் சொன்னேன்,
சிக்கந்தருக்கா, உமையாளுக்கா, தெரியாது.
சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

மேசையருகே அவன்,
மூடியைத் திறந்த பேனாவோடு.
அந்தப் பையன் அதற்குள் அளந்து முடித்திருந்தான்:
நுழையாது மச்சான், ரெண்டு அங்குலம் பத்தலை.